நாத்தனாரைப் பிடிக்காமல் போக மதம் எதற்கு?

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவள் என்று நம்பிப் படித்துவிட்டுப் பிறகு யாரும் ஏமாறக் கூடாது.

பிடிக்காததற்குக் காரணங்கள் உண்டு. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நான் வந்த முதல் நாளே, நான் அடுப்பில் வைத்திருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்து, ஒரு சொட்டு கையில் விட்டு நக்கிப் பார்த்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உப்பை அள்ளிப் போட்டவள் அவள். நான் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். “தம்பி இளைச்சுட்டான்” என்று என் முகத்தைப் பார்த்தபடி சொல்வாள். அவருக்குத் தொப்பை முட்டிச் சட்டைப் பொத்தான் தெறித்துக்கொண்டிருந்த காலம் அது. போதாததற்குப் பாடுவாள். அதுவும் மூக்கால்.

இவையெல்லாம் வருஷக்கணக்காகக் கூடவே இருந்து, கஷ்டப்பட்டு நான் சேர்த்த காரணங்கள். எங்கள் தெருவுக்கும் அவளைப் பிடிக்காது. ஆனால் தெருவில் ஒருத்தராவது அவள் போட்ட உப்பைத் தின்றிருப்பார்களா? கிடையாது. ஓசியில் வெறுத்தார்கள். அதுதான் எனக்கு எரிச்சல்.

அவளுக்குப் புருஷன் இருந்தான். லாரி ஓட்டினான். ஒரு நாள் ஓட்டிக்கொண்டு போனவன் அப்படியே போய்விட்டான். வேறு ஊரில் வேறு குடும்பம் என்று கேள்வி. பிள்ளை குட்டி இல்லை. ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு, அதாவது என் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். தெருவே அவரை ‘மைக்கு’ என்றுதான் கூப்பிடும். வீட்டின் முன்னறை முழுக்க ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் வயர்ச் சுருளும்தான். அவற்றுக்கு நடுவே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். பகலில் எதிர்க்கடை டெய்லருக்குக் காஜா எடுத்து, பொத்தான் தைத்துக் கொடுப்பாள். மிச்ச நேரம் என் சமையலறையில் நிற்பாள். ஒரு சமையலறையில் இரண்டு பெண்கள் நின்றால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“டேய், நான் சின்னக் கூடத்துல சேரப் போறேன்.”

“என்னக்கா திடீர்னு? சாமி கனவுல வந்துச்சா?”

“சுடுதண்ணி குடுக்குறாங்கடா. பின்னாடி ஒரு ரூமும் தர்றாங்களாம். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு.”

ஒரு மதத்தில் சேருவதற்கு இவ்வளவு நேர்மையான காரணத்தை நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரம் சின்னது. எனக்கும் அவருக்கும்தான் காணும். அவள் கடைசியாகப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்பாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் தெருவில் இறங்கி நடந்தபோது நான் வாசலில் நின்று கையசைத்தேன். மனசார வாழ்த்தினேன் என்றே சொல்லலாம்.

எங்கள் தெருவின் ஒரு கோடியில் பெரிய கூடம், மறு கோடியில் சின்னக் கூடம். இரண்டும் கும்பிடுகிற இடம்தான், மதம்தான் வேறு. பெரிய வீடு, சின்ன வீடு என்றுதான் சொல்லியிருப்பார்கள், அர்த்தம் வேறெங்கோ போய்விடும் என்பதால் கூடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பெரிய கூடம் தெருவில் முக்கால்வாசிப் பேருடையது. சின்னக் கூடத்துக்காரர்கள் கொஞ்சம் பேர். விடிவதற்கு முன்னால் வெந்நீரில் குளிப்பார்கள். தலையைத் துவட்ட மாட்டார்கள். சொட்டச் சொட்ட நடந்து போய்க் கூடத்தில் உட்கார்ந்து பாடுவார்கள். வெளியார் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அவர்கள் செய்த மொத்தக் குற்றமும் இவ்வளவுதான். தெரு அவர்களுக்கு வைத்த பெயர் ஈரத்தலை.

ஈரத்தலைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டெய்லருக்கு ஊசியில் நூல் ஏறாது. நாத்தனார் அங்கே சேர்ந்த மறுநாளே காஜா வேலையை நிறுத்திவிட்டார். சட்டையெல்லாம் ஈரமாகிவிடுமாம். நான் ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“அண்ணே, அவங்க மேல உங்களுக்கு என்னதான் கோவம்?”

“யார் வீட்டுலயும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டானுங்கம்மா. அவ்வளவு திமிரு.”

பிறகு டெய்லரின் அண்ணன் இறந்துபோனார். ஈரத்தலைகள் நாலைந்து பேர் வந்து பந்தல் பிரிக்கும் வரை கூடமாட வேலை செய்தார்கள். துக்க வீடு என்பதால் தண்ணீரும் வாங்கிக் குடித்தார்கள். மறுவாரம் டெய்லர் கத்தரிக்கோலை ஆட்டிக்கொண்டு சொன்னார்:

“பாத்தீங்களா, வீட்டுக்குள்ளயே வந்துட்டானுங்க. இப்படித்தான் மெல்ல மெல்ல நுழைவானுங்க.”

வராவிட்டால் திமிர், வந்தால் சூழ்ச்சி. இனி அவர்கள் அரைவாசி உள்ளேயும் அரைவாசி வெளியேயுமாக நிலைப்படியில்தான் நிற்க வேண்டும்.

ஊரில் வேறு மதக்காரர்களும் உண்டு. டெய்லர் கடை இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர் இன்னொரு மதம். அவர்களும் வெளியார் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அவர்கள் சடங்கு எதையும் நம்மைப் பார்க்கக்கூட விட மாட்டார்கள். ஆனால் கார் வந்து நின்றால் டெய்லர் வாயிலிருக்கும் குண்டூசியைத் துப்பிவிட்டு எழுந்து நிற்பார். “அவங்கள்லாம் டீசன்ட்டானவங்க, சுத்தபத்தம் ஜாஸ்தி” என்பார். கடைத்தெருவில் குடை ரிப்பேர் செய்கிற கிழவர் ஒருத்தர் கும்பிடுவது ஏதோ கறுப்புக் கயிற்றை. அந்த மதத்தில் இந்த ஊரில் அவர் ஒருத்தர்தான். அவரை எல்லாருக்கும் பிடிக்கும். “பாவம், அவர் பாட்டுக்குக் கிடக்கார்” என்பார்கள். ஆகக் கட்டடம் வைத்திருந்தால் மரியாதை, தனி ஆளாக இருந்தால் இரக்கம். இரண்டும் இல்லாமல் பக்கத்திலேயே, கண்ணில் படுகிற அளவுக்கு இருந்து, திருப்பி அடிக்காத கூட்டமாக இருந்தால் தொலைந்தார்கள். சாமி யார் என்பதை இதில் யாரும் விசாரித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு கூடத்துக்கும் மைக் செட் எங்களுடையது. இரண்டும் காலையில் ஒரே நேரத்தில் பாடும். இரண்டு பேரும் பாடுவது ஏதோ பழைய பாஷை. பாடுகிறவர்களுக்கே புரியாது. என் வீட்டுக்காரருக்கு மதமெல்லாம் கிடையாது, கரன்ட் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். வருஷக்கணக்காக ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று ஒரு காது போய்விட்டது. நல்ல காதையும் திருப்பினால்தான் நாம் சொல்வது ஏறும்.

முதலில் ஆம்ப்ளிஃபயரை அந்தந்தக் கூடத்தில்தான் வைத்திருந்தார். ஆள் இல்லாத நேரம் பார்த்து இரண்டு பக்கமும் சத்தத்தைத் திருகி ஏற்றிவிடுவார்கள். அங்கே கொஞ்சம் ஏறினால் இங்கே கொஞ்சம் ஏறும். ஒலிபெருக்கிக் குழாய் கிழிந்ததுதான் மிச்சம். அதனால் இரண்டையும் தெரு நடுவில் வீட்டை ஒட்டி இருக்கும் எங்கள் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். கூடத்து மைக்கிலிருந்து ஒரு வயர் கடைக்கு வரும். கடையிலிருந்து இன்னொரு வயர் அந்தக் கூடத்தின் மொட்டை மாடியில் கட்டியிருக்கும் குழாய்க்குப் போகும். இரண்டு திருகிலும் ஒரே இடத்தில் என் நகப்பூச்சை எடுத்துக் கோடு போட்டு வைத்தார். ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது.

அப்படியும் டெய்லர் வந்து நிற்பார்.

“மைக்கு, அந்தப் பக்கம் சத்தத்தைக் குறைய்யா. காது கிழியுது.”

“ரெண்டும் ஒரே சவுண்டுதாங்க.”

“இது மனசுக்கு இதமா இருக்கு. அது இரைச்சல். உனக்கு ஒரு காதுதானே, உனக்கென்ன தெரியும்?”

டெய்லர் பெரிய கூடத்துக்குள் போய் நான் பார்த்ததில்லை. கடை வாசலில் நின்றபடியே பக்தி செய்கிற ஆள். கண்ணை மூடி, விரலால் தாளம் போட்டு, அப்படியே அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் பெருங்காற்று அடித்து இரண்டு மாடியிலும் குழாய் சாய்ந்து வயரெல்லாம் அறுந்து தொங்கியது. எல்லாவற்றையும் இறக்கிப் புது வயர் இழுத்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நான்தான் கீழே நின்றேன். வழக்கமாகப் பெரிய கூடத்துக் குழாய்க்குப் போகும் வயருக்குச் சிவப்பு டேப், சின்னதுக்கு நீல டேப். அன்று டேப் தீர்ந்துவிட்டது. புது வயர் இரண்டும் கறுப்பு.

“டேப் வாங்கிட்டு வரட்டுமா?” என்றேன்.

“எதுக்கு? என் வயர் எதுன்னு எனக்குத் தெரியாதா?” என்று மாட்டினார்.

தெரியவில்லை. இவர் சின்னக் கூடத்துப் பாட்டைப் பெரிய கூடத்துக் குழாயிலும், பெரிய கூடத்துப் பாட்டைச் சின்னக் கூடத்துக் குழாயிலும் மாட்டிவிட்டார். அன்று எங்களுக்கு இது தெரியாது. உள்ளே உட்கார்ந்து பாடுகிறவர்களுக்கு அவரவர் குரல்தான் கேட்கும். குழாய் தெருவைப் பார்த்து இருக்கிறது. தெருவில் எப்போதும் போல இரண்டும் கலந்துதான் ஒலித்தது. ஒற்றைக் காதுக்காரருக்கு எல்லாம் ஒன்றுதான்.

எனக்கு மட்டும் ஒரு நாள் சுருக்கென்றது. பெரிய கூடத்துக் குழாயிலிருந்து ஒரு பெண் குரல், மூக்கால், இழுத்து இழுத்துப் பாடியது. அட ராமா, இங்கேயும் ஒருத்தி கிளம்பிவிட்டாளா என்று நினைத்துக்கொண்டேன். உலகத்தில் மூக்கு எல்லாருக்கும்தானே இருக்கிறது. சின்னக் கூடத்தில் நாத்தனாரைத்தான் முன்பாட்டுப் பாடச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவள் தன் பெருமையை என்னிடம் சொல்லிக்கொள்கிறவளா என்ன?

டெய்லர் உருகிப் போய்விட்டார். “புதுசா ஒரு அம்மா பாடுறாங்க பாருங்க, குரலா அது? தேன்!” என்று வருகிறவன் போகிறவனையெல்லாம் பிடித்து நிறுத்திக் கேட்க வைத்தார். பெரிய கூடத்துச் செயலாளரையும் மறித்து, “எங்கே பிடிச்சீங்க அந்தம்மாவை?” என்றார். செயலாளருக்குப் புகழ்ச்சி என்றால் யாருக்கு வந்தது என்று பார்க்கிற பழக்கம் கிடையாது. “எல்லாம் நம்ம ஏற்பாடுதான்” என்று துண்டைச் சரிசெய்துகொண்டு போனார்.

அதே டெய்லருக்கு மறு கோடிக் குழாயைக் கேட்டால் தலைவலி. அவருடைய சொந்தக் கூடத்தின் பாட்டுதான் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. “நாய் ஊளையிடுற மாதிரி இருக்கு” என்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டார், ஒரு பக்கம் மட்டும்.

இந்தத் தலைவலி முற்றி ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட்டில் போய் நின்றது. டெய்லர் அதற்கு இரண்டு இடது கை தைத்துவிட்டார். விடுமுறை நாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் கடைக்கு வந்து கோட்டை உதறிக் காட்டி, தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தினார்கள். டெய்லர் அழாக் குறையாக நின்றார். பிறகு மறு கோடியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“அந்த ஈரத்தலைங்க போடுற சத்தத்துல மனுஷன் எப்படிங்க வேலை பாக்குறது?”

வேலை வெட்டி இல்லாத காலை நேரம். பாதிப் பேர் லுங்கியோடு நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரே டெய்லரோடு சேர்ந்துகொண்டார்கள். குழாயைப் பிடுங்குவது என்றிருந்த பேச்சு எப்போது கூடத்துக்கே பூட்டுப் போடுவது என்று மாறியது என்று எனக்குத் தெரியாது. செயலாளரும் வந்து, “இன்னிக்கே ஒரு முடிவு கட்டிடுவோம்” என்றார். கூட்டம் சின்னக் கூடத்தைப் பார்த்து நகர்ந்தது.

கூடத்துக்குப் பூட்டுப் போட்டால் பின்னால் இருக்கும் அறைக்கும் பூட்டுதான். தகரப் பெட்டி வேறெங்கே வரும்? நேரே என் சமையலறைக்கு வரும். நான் கடவுளிடம் எதுவும் கேட்கிறவள் இல்லை. அன்று எல்லாக் கடவுளிடமும் கேட்டேன்: சின்னக் கூடம் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

நாத்தனார் மொட்டை மாடியில் ஏறிவிட்டாள். குழாய்க்கு முன்னால் நிற்கிறாள். தலை சொட்டுகிறது. கையில் ஒரு வாளி, அதிலிருந்து ஆவி பறக்கிறது.

“எவனாவது ஏணிய வச்சீங்கன்னா மூஞ்சியில ஊத்திடுவேன்!” என்று கத்தினாள். உள்ளே அவளுடைய ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். பயம் வந்தால் பாட்டுக் கொஞ்சம் வேகமாக வரும் போலிருக்கிறது.

யாரோ கல்லை விட்டான். அது குழாயில் பட்டு ணங்கென்றது. இன்னொரு கல் அவள் தோளில் பட்டது. அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை. அவளை எனக்குப் பிடிக்காதுதான். ஆனாலும் அந்தக் கல் பட்டதும் கடைக்குள் ஓடினேன். டெய்லரும் செயலாளரும் எனக்கு முன்பே அங்கே நின்று இவரை மிரட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சின்னக் கூடத்து லைனை நிறுத்துய்யா! நிறுத்தப் போறியா இல்லையா?”

“நிறுத்துங்க! அண்ணி மேல கல்லடி விழுது!” என்று நானும் அவருடைய நல்ல காதில் கத்தினேன்.

அவர் சின்னக் கூடத்து ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைத் தட்டினார்.

பெரிய கூடத்துக் குழாய் நின்றுவிட்டது.

முதலில் கூட்டம் கைதட்டியது. ஏதோ ஒன்று நின்றதே, அந்தச் சந்தோஷம். பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சின்னக் கூடத்து மாடியில், நாத்தனாரின் முதுகுக்குப் பின்னால், நெளிந்த குழாய் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது. இவர் சுவிட்சைப் போட்டார். பெரிய குழாய் பாடியது. நிறுத்தினார். நின்றது. குனிந்து பின்பக்கம் இருந்த கறுப்பு வயர்களைப் பார்த்தார். அவர் முதுகு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

“மாத்தி மாட்டிட்டேங்க.”

“எதை?” என்றார் டெய்லர்.

“காத்தடிச்சதுலேருந்து அவங்க பாட்டு உங்க குழாயில வருது. உங்க பாட்டு அவங்க குழாயில வருது.”

டெய்லரின் மூளையில் அது தையல் தையலாகத்தான் ஏறியது. “அப்ப இப்ப நாங்க கல்லெறிஞ்சது…”

“உங்க பாட்டு மேலதான்.”

“அப்ப அந்தம்மா? தினமும் பாடுவாங்களே, அந்தம்மா? இன்னிக்குக்கூடப் பாடலையேன்னு பாத்தேன்…”

“இன்னிக்கு அவங்களால பாட முடியாதுங்க. அதோ, மாடியில வாளியோட நிக்கிறாங்க.”

சொல்லிவிட்டு இவர் மறுபடி சிரித்தார். வயரை மாற்றி மாட்டியதைக்கூட மன்னித்திருப்பார்கள். சிரித்ததுதான் தப்பு. டெய்லர் கையை ஓங்கி ஒன்று விட்டார். வலது கைக்காரர் அவர். அறை இவருடைய நல்ல காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. செயலாளர், “எனக்கு அப்பவே சந்தேகம், அந்தக் குரல்ல ஒரு புனிதம் இல்லையேன்னு” என்றார். டெய்லரோ, “அதான் எனக்கு இத்தனை நாளாத் தலைவலி!” என்று தேன் குரலுக்கே பழியைத் திருப்பிவிட்டார். சின்னக் கூடத்துத் தலைவர் ஈரத் தாடியோடு ஓடிவந்தார். கல்லெறிந்தவர்களை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எங்க பாட்டை அவங்க குழாயில விட்டியா? எப்பேர்ப்பட்ட தீட்டு!” என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் குதித்தார். செயலாளர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு விவரம் தெரிந்து அந்த இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதே அன்றுதான். டெய்லர் எங்கள் கடை நாற்காலிகளையே இழுத்துப் போட்டு இரண்டு பேரையும் உட்கார வைத்தார். என் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

தீர்ப்பு சீக்கிரம் வந்தது. இரண்டு கூடத்துக்கும் இனி வேறு தெரு மைக் செட். சின்னக் கூடத்துக்குப் பூட்டில்லை, அதைப் பற்றிய பேச்சே எழவில்லை. ஆனால் தன் குரல் பெரிய குழாயில் வர வேண்டும் என்று தம்பியோடு கூடிச் சதி செய்தவளுக்கு அங்கே இனி இடமில்லை என்றார் ஈரத்தாடி. “ரொம்ப நியாயம்” என்றார் செயலாளர். எல்லா மதமும் சேர்ந்து எங்கள் தெருவில் எடுத்த ஒரே தீர்மானம் அது.

நாத்தனார் மாடியிலிருந்து இறங்கினாள். யாரிடமும் வாதாடவில்லை. வாளித் தண்ணீரை என்ன செய்வது என்று பார்த்தாள், வீணாக்க மனமில்லாமல் கூடத்து வாசலைக் கழுவிவிட்டாள். பிறகு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவின் நடுவே நடந்து வந்தாள். கையசைக்க நான் வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய் முன்னறையில் பாய் விரிக்கிற இடத்தில் கிடந்த ஸ்பீக்கர் பெட்டியை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

கடையை மூடிவிடவில்லை. கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் குழாயில் எவன் பேச்சு வந்தாலும் ஒன்றுதான். என் வீட்டுக்காரருக்கு இப்போது இரண்டு காதும் கேட்காது, கையைக் காட்டித்தான் பேச வேண்டும். டெய்லர் எங்களோடு பேசுவதில்லை. யாராவது எங்கள் வீட்டைப் பற்றி விசாரித்தால், “யார் கூடவும் ஒட்ட மாட்டாங்க. அவ்வளவு திமிரு” என்கிறாராம். ஈரத்தலைகளைப் பற்றி அவர் இப்போது அதிகம் பேசுவதில்லை. அவருக்கு வேண்டியது ஒரு விலாசம். அது எங்களிடம் கிடைத்துவிட்டது.

நாத்தனார் விடிவதற்கு முன்னால் எழுந்து குளிக்கிறாள். வெந்நீருக்குப் பெரிய பாத்திரம் வாங்கிவிட்டேன். அவளுக்காக இல்லை. அவள் முதலில் குளித்தால் எனக்கு மிஞ்சாது, அதனால் வாங்கினேன். துவட்டாத தலையோடு என் சமையலறைத் தரையெல்லாம் சொட்டிக்கொண்டு நின்று அந்தப் பழைய பாஷைப் பாட்டை மூக்கால் இழுப்பாள். துரத்தின பிறகும் எதற்கு இந்தப் பாட்டு என்று கேட்டதற்கு, “துரத்துனது அந்தத் தாடிதானே, பாட்டு இல்லியே” என்றாள். அவருக்குக் கேட்காது, கொடுத்து வைத்தவர். முழுதும் கேட்பது எனக்கு மட்டும்தான்.

போன வாரம் ஒரு நாள் நான் முகம் கழுவி வருவதற்குள் மூடியைத் திறந்து உப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷத்துக் கோபமோ, எல்லாம் சேர்ந்து வந்தது.

“உங்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது அண்ணி. வந்த அன்னிக்கும் பிடிக்கல, இன்னிக்கும் பிடிக்கல. சொல்லிட்டேன்.”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிண்டிக்கொண்டே இருந்தாள்.

“தெரியும். இந்தத் தெருவுல எனக்காகவே என்னைப் பிடிக்காதவ நீ ஒருத்திதான். மத்தவங்கல்லாம் என் தலையத்தானே பாத்தாங்க.”

அவள் கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, என் பக்கம் நீட்டினாள்.

“உப்பு பாரு.”

பார்த்தேன். சரியாக இருந்தது.

“கரிக்குது” என்றேன்.